புது மெஷின் வந்த வருஷம்

எங்கள் ஸ்டுடியோவில் இருந்த கணினிப் பெட்டிக்கு இடப்பக்கத் தகடு கிடையாது. அதைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தோம். திறந்து கிடந்த அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு மேசை மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் விசிறியை என் பக்கம் திருப்ப முடியாது. திருப்பினால் சிறிது நேரத்தில் திரையில் ஓடும் படம் விக்கும், பிறகு நிற்கும், பிறகு எல்லாமே அணைந்துபோகும். அதனால் காற்று எப்போதும் அதற்குத்தான். உள்ளே தெரிந்த வயர்களின் மேல் பஞ்சு போலத் தூசி படிந்திருக்கும். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் அது நிஜமாகவே பஞ்சாகவும் இருந்திருக்கலாம்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். தோட்டத்தைக் கூடப் பிறந்தவர்களிடம் விட்டுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்தவர். கல்யாண வீடியோவில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் பாதி அவருடைய கேமராவுக்கும், மீதிப் பாதி அவருடைய வாய்ச்சொல்லுக்கும் என்று நினைக்கிறேன். யாரையும் அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. டீ கொண்டு வருபவரிடம் “வெச்சுப்போட்டுப் போங்க” என்பார். தவறான எண்ணில் அழைத்தவரிடம்கூட “இல்லீங்க, இது வேற ஊடுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க” என்பார். என்னை அம்மணி என்பார், சில நேரம் கண்ணு என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. காரமடையிலிருந்து பஸ் ஏறி தினமும் நான் வேலைக்குப் போவதை என் மாமியார் வீட்டில் ஒப்புக்கொண்டதற்குக் காரணமே, ஒரு முறை அவர் நேரில் வந்து வாசலில் நின்று பேசிய அந்த மரியாதைதான்.

நான் முதலில் ஆல்பம் வடிவமைக்கத்தான் சேர்ந்தேன். பிறகு வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு அதை விட முடியவில்லை. ஒரு கல்யாணம் என்பது மணிக்கணக்கான காட்சி. இரண்டு மூன்று கேமராக்கள். பந்தி, பாத்திரம், பட்டுப்புடவை, பொறுமையிழந்த குழந்தைகள். அத்தனைக்குள்ளும் எங்கோ ஒரு கண நேரம் யாராவது தன்னை மறந்து ஒருவரைப் பார்ப்பார்கள். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் அக்கா, எல்லோரும் அரிசி போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்வாள். அதைக் கண்டுபிடித்து எடுத்து சரியான இடத்தில் வைப்பதுதான் என் வேலை என்று நான் நம்பினேன். அப்படி வைத்த இடத்தில் வீட்டார் அழுதார்கள் என்று அண்ணா வந்து சொல்லும்போது, அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பெட்டி என்னை விடவில்லை. கேமராக்கள் மாறிக்கொண்டே இருந்தன. படத்தின் துல்லியம் கூடக்கூட ஒவ்வொரு காட்சியும் பெரிதாகிக்கொண்டே போனது. பெட்டி மட்டும் பழையதாகவே இருந்தது. காட்சியை ஓடவிட்டால் அது ஓடாது. ஒரு படம், ஒரு நிறுத்தம், இன்னொரு படம். ஆள் கண் இமைப்பதுகூடத் தெரியாது. திறந்திருந்த கண் அடுத்ததில் மூடியிருக்கும், அவ்வளவுதான். எல்லாக் காட்சிகளுக்கும் தரம் குறைந்த சின்ன நகல்களை முதலில் உண்டாக்கி, அவற்றை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் நிஜக் காட்சிகளை மாற்றிப் பொருத்துவேன். அந்த நகல் எடுக்கவே ஒரு நாள் போகும். முடித்துவிட்டு மொத்தப் படத்தையும் ஒரே கோப்பாக்க ரெண்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பச்சைக் கோடு நகரும். முக்கால்வாசியில் நின்றுபோனால் திரும்ப முதலிலிருந்து. அந்தக் கோட்டைப் பார்த்தபடி எத்தனை மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணாவிடம் கேட்டேன். ஒரு முறை இல்லை, ஒவ்வொரு முகூர்த்த சீசன் தொடங்கும்போதும் கேட்டேன். புதிது வாங்கச் சொல்லவில்லை, இருப்பதையே மேம்படுத்தினால் போதும் என்றுதான் கேட்டேன். மெமரியைக் கூட்டலாம், சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடலாம், ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பாதி வேலை குறையும் என்று. அவர் முழுவதையும் கேட்டுக்கொள்வார். தலையை ஆட்டுவார். “பாக்கலாமுங்க அம்மணி. இந்த ஆடி தாண்டட்டும், பண்ணிப்போடலாம்” என்பார். எங்கள் பக்கத்தில் முடியாது என்ற சொல்லை யாரும் அவ்வளவு சுலபமாக எடுப்பதில்லை. பார்க்கலாம் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுவதுண்டு. உள்ளூரில் பிறந்த நானும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் மனதை மாற்றியது சத்தியமங்கலம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. பெண்ணின் அப்பா கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார். கல்யாணத்தை நிறுத்தக் கூடாது என்று அவரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். தாரை வார்த்துக் கொடுக்க அவர் இல்லாமல், பெண்ணின் சித்தப்பா நின்று கொடுத்தார். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பெண்ணின் அண்ணன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்தவர் போல இருந்தார்.

“நாளைக்கு வெடியால அப்பாவுக்கு ஆபரேசனுங்க. அதுக்குள்ள கல்யாணத்தை ஒருவாட்டி பாத்துப்போடறேங்கறாருங்க. முழுசா வேண்டாமுங்க. முகூர்த்தம் மட்டும் இருந்தாப் போதும். பொழுதோட வந்து வாங்கிக்கறேனுங்க” என்றார்.

அண்ணா உடனே “அதுக்கென்னங்க, அம்மணி பண்ணிருவாங்க” என்றார். நானும் முடியும் என்றுதான் நினைத்தேன். நகல் எடுக்க நேரமில்லை. நேராக நிஜக் காட்சிகளையே எடுத்து, பெண் மேடைக்கு வருவது, தாரை வார்ப்பது, தாலி கட்டுவது, பெண் தன் அண்ணனைப் பார்த்து அழுவது என்று வரிசைப்படுத்தினேன். சின்னப் படம்தான். மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துவிட்டேன். ரெண்டர் போட்டேன். பாதிக்கு மேல் போய் நின்றது. மறுபடி போட்டேன். கணினியே அணைந்தது. விசிறியை இன்னும் நெருக்கமாக நகர்த்தினேன். கீழே பேக்கரியிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி வந்து ஒரு தட்டில் வைத்து விசிறிக்கு முன்னால் வைத்தேன். இதைச் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். அண்ணாவும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பச்சைக் கோட்டை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறையும் அது முக்கால்வாசியில் நின்றது.

சொன்னபடி பெண்ணின் அண்ணன் சாயங்காலம் வந்தபோது எங்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. கேமராவிலிருந்து வந்த காட்சித் துண்டுகளை அப்படியே அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். அதில் சில ஓடின, சில விக்கின. எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு அவர் வேகமாக இறங்கிப் போனார். அந்த அப்பா ஆபரேஷனிலிருந்து எழுந்து வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பல வாரங்கள் கழித்து ஆல்பம் வாங்க அந்தப் பெண்ணின் அண்ணன் வந்தார். நாங்கள் கேட்காமலே சொன்னார். சில துண்டுகளை அப்பா பார்த்தாராம். பந்தியில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தாராம். பெண் பட்டுப்புடவையில் நடந்து வருவதைப் பார்த்தாராம். தாலி கட்டுகிற துண்டு மட்டும் ஓடவில்லையாம். திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்ததாம். “பரவாயில்லீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று சொல்லிவிட்டு, ஆல்பத்தை மடியில் வைத்து தாலி கட்டுகிற பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து இரண்டு கையையும் கூப்பி வாரேனுங்க என்று சொல்லிப் போனார். அவர் சத்தம் போட்டிருந்தால் அண்ணா தாங்கியிருப்பார் என்று தோன்றுகிறது. மறுநாள் அண்ணா வந்ததும் வராததுமாக என் மேசைக்கு முன்னால் நின்று, “கெளம்புங்க அம்மணி. என்னென்ன வேணுமோ நீங்களே பாத்து எடுங்க” என்றார். இதை நான் மறக்கவில்லை. அவரைப் பற்றி எவ்வளவு கசப்பாக எழுதினாலும், அந்தக் காலையில் அவர் முகத்தில் இருந்தது நடிப்பில்லை.

காந்திபுரம் பக்கத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்ண விளக்கு எரியும் விசிறிகளையெல்லாம் காட்டினார். நான் அதையெல்லாம் வேண்டாம் என்றேன். எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தவர், மெமரியும் எஸ்எஸ்டியும் மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை, பிராசஸரும் போர்டும் பழசு, புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் இந்தப் பவர் சப்ளை தாங்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணா ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஆமாம் என்றால் “போட்டுருங்க” என்பார். கடைசியில் பழையதில் மிச்சம் நின்றது வெளிப்பெட்டி மட்டும்தான். கடைக்காரர் அதையும் மாற்றிவிடலாமே என்றபோது, “அது இருக்கட்டுமுங்க, ராசியான பொட்டி” என்றார் அண்ணா. அந்தக் கடையில் இருந்த நேரம் முழுவதும் நான் ஒரு பெரிய மனுஷியாக உணர்ந்தேன். என்னைக் கேட்டு ஒரு பொருள் வாங்கப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. என் கல்யாணப் புடவையைக்கூட மற்றவர்கள்தான் எடுத்தார்கள்.

பெட்டி திரும்பி வந்த அன்று, தகடு பூட்டி மூடியிருந்தது. அண்ணா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, “இனி உங்க பாடு, மெஷின் பாடுங்க அம்மணி” என்று சிரித்தார். நான் பழைய கல்யாணம் ஒன்றைத் திறந்து, இணைச்சீர்க் காட்சியை ஓடவிட்டேன். ஓடியது. தடங்கலே இல்லாமல், தண்ணீர் போல ஓடியது. அந்த அக்கா தம்பியின் காலரைச் சரி செய்துவிட்டு கையை எடுக்கும் முன் ஒரு விரலால் அவன் கழுத்தைத் தொடுகிறாள். எத்தனை முறை அந்தக் காட்சியை வெட்டியிருக்கிறேன், அந்த விரலை அதுவரை நான் பார்த்ததே இல்லை. பழைய பெட்டி அதை எனக்குக் காட்டவே இல்லை. அண்ணா கீழே போயிருந்தார், ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை என்பதால் நான் கொஞ்சம் அழுதேன். ரெண்டர் போட்டுவிட்டு வழக்கம்போல டப்பாவைத் திறந்தேன். நாலு வாய் சாப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது.

நான் யோசித்திருக்க வேண்டியது அந்த மணியைப் பற்றித்தான். வாரம் முழுக்க நீண்ட வேலை இப்போது புதன்கிழமைக்குள் முடிந்தது. தேங்கிக் கிடந்த கல்யாணங்களை ஒரே மாதத்தில் முடித்துக் கொடுத்தேன். மிச்ச நேரத்தில் நிறங்களைத் திருத்துவேன். இரைச்சலுக்குள் அமுங்கிப்போன நாதஸ்வரத்தை மேலே கொண்டுவருவேன். அவசரத்தில் விட்டுப்போன முகங்களைத் தேடுவேன். சில நேரம் அடுத்தது எப்படி வர வேண்டும் என்று யோசித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அண்ணா அந்தப் பக்கம் போகும்போது நின்று, “வேலை முடிஞ்சுதுங்களா?” என்று கேட்பார். ஒவ்வொரு நாளும் கேட்டார். முன்பெல்லாம் நான் இதைவிட அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்போது பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அதனால் என்னை யாரும் சும்மா இருப்பவளாகப் பார்க்கவில்லை. இப்போது கோடு இல்லை. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அண்ணாவின் அக்கா மகன் வந்தார். விஷுவல் கம்யூனிகேஷன் படித்து முடித்தவர். நல்ல பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, ஆரம்பத் தலைப்பை எப்படி அமைத்திருக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். கல்யாணத்தை ஒரு நிமிஷப் படமாகச் சுருக்கி மறுநாளே இணையத்தில் போடுவதைத்தான் அப்போது எல்லோரும் கேட்டார்கள். அதை அவர் வேகமாகச் செய்தார். நன்றாகவே செய்தார். அண்ணா ஒரு நாள் என்னிடம் வந்து, “எதுக்குங்க அம்மணி தெனமும் காரமடையிலிருந்து பஸ்ஸுல அலையறீங்க? மெஷின்தான் சீக்கிரமா முடிச்சுப்போடுதே. வாரத்துல மூணு நாள் வந்தாப் போதுமுங்க. புள்ளைங்களையும் பாத்துக்கலாமில்ல?” என்றார். அவ்வளவு கரிசனமாகச் சொன்னார். நான் சரிங்ண்ணா என்றேன். வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவரும், “பரவால்லையே, இப்படி ஒரு மொதலாளி கெடைப்பாங்களா” என்றார். மூன்று நாள் இரண்டாயிற்று. ஆனி முடியும்போது, “ஆடி பொறக்குதுங்களே, ஒண்ணும் வேலையில்லை. சித்த ரெஸ்ட் எடுங்க கண்ணு. வேலை வந்ததும் சொல்லியனுப்பறேன்” என்றார்.

நான் காத்திருந்தேன். ஆடி நோம்பிப் பண்டிகை வந்து போனது, ஆவணி பிறந்தது. நானே போன் செய்தேன். “உங்களைத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேனுங்க அம்மணி” என்றார். வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். சொல்லியனுப்புகிறேன் என்றார். அந்த வாரமே ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் ஒரு புதுக் கல்யாண வீடியோ வந்திருந்தது. அதன் தொடக்கத்தில் கோலம் விரிந்து அதற்குள்ளிருந்து பெண் மாப்பிள்ளை பெயர் வரும். அந்தக் கோலம் நான் வரைந்தது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

ஒரு நாள் நேரிலேயே போனேன். என் நாற்காலியில் அக்கா மகன் இருந்தார். அவர் உயரத்துக்கு ஏற்ப அதைத் தூக்கி வைத்திருந்தார்கள். அண்ணா கீழே பேக்கரிக்குச் சொல்லி எனக்கு டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்தார். சாப்பிடாமல் விடவில்லை. பெரியவள் என்ன படிக்கிறாள், மாமியாருக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைக் கட்டி வைத்திருந்தேன். அவருடைய விசாரிப்புகளுக்கு நடுவில் அதை நுழைக்க இடைவெளியே கிடைக்கவில்லை. நான் எழுந்தபோது அக்கா மகன் ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டினார். “இதெல்லாம் உங்களுதுங்களா அக்கா? டிராயர்ல இருந்துச்சு” என்றார். என் ஹெட்போன், ஒரு ஸ்வெட்டர், தலைவலித் தைலம், பொட்டு அட்டை. வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். வாசல் வரை வந்து அண்ணா கும்பிட்டு, “அடிக்கடி வந்துட்டுப் போங்க” என்றார். வேலையை விட்டு என்னை அனுப்பியதற்கு ஏதாவது அடையாளம் உண்டென்றால், அது அந்தப் பைதான்.

அதன் பிறகு சில வருஷங்கள் ஓடிவிட்டன. மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அடையாள அட்டை அச்சடிப்பது, பெற்றோருக்குத் தகவல் அனுப்புவது. ஆண்டு விழா வீடியோவை வெளியே கொடுத்துச் செய்கிறார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை என்று அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்த வீடியோக்களில் குழந்தைகள் மேடையில் ஆடுவதை மட்டும் காட்டுகிறார்கள். கீழே உட்கார்ந்து கூடவே கையசைக்கும் அம்மாக்கள் யாரும் வருவதில்லை. பார்த்துவிட்டு அந்த வீடியோவைப் பெற்றோருக்கு அனுப்பிவிடுகிறேன். எனக்கு உள்ளே இருந்த எரிச்சல் வேலை போனதால் மட்டும் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அடுத்ததைப் பார்த்திருப்பேன். அவர் கடைசி வரை மரியாதையாகவே நடந்துகொண்டார். மரியாதையாக நடந்துகொண்டவர்மேல் கோபப்பட்டால், கோபப்பட்டவளுக்குத்தான் குணம் சரியில்லை என்பார்கள்.

போன தை மாதம் அவரும் அவர் மனைவியும் தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். கார் சத்தம் கேட்டு வெளியே வந்து அவரைப் பார்த்ததும், ஒரு கணம், மகளின் கல்யாண வீடியோவை என்னிடம் கொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்குள் எந்தக் காட்சியிலிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். “நீங்க ஊட்டு மனுசங்க மாதிரி. மொதநாளே வந்தரோணுமுங்க” என்றார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

போனேன். மண்டபத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். காலையில் நடந்த முகூர்த்தத்தை மத்தியானப் பந்திக்குள் வெட்டி முடித்து ஓடவிட்டார்கள். மேலிருந்து ட்ரோன், பூ கொட்டுவது, பெண் மெதுவாகத் திரும்புவது. எல்லாம் வழவழவென்று இருந்தது. கூட்டம் கை தட்டியது. பந்தியில் நான் உட்கார்ந்திருந்தபோது அண்ணா ஒவ்வோர் இலையாக விசாரித்தபடி வந்தார். புதுப் பட்டு வேட்டி. தலை முழுக்க நரைத்திருந்தது. என் முன்னால் நின்று, “நல்லாச் சாப்பிடுங்க அம்மணி. வீடியோ பாத்தீங்களா? எப்படிங்க?” என்றார். நல்லா இருந்துச்சுங்ண்ணா என்றேன். அவர் நகரப் போனார். அப்போது, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது.

“அண்ணா, ஒண்ணு கேக்கோணும். அப்ப என்னை எதுக்குங்ண்ணா நிறுத்துனீங்க?”

அவர் முகத்தில் திடுக்கிடல் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. நிஜமாகவே புரியாதவராக நின்றார்.

“நிறுத்துனனா? நானுங்களா? என்னங்க அம்மணி இப்படிக் கேட்டுப்போட்டீங்க. நீங்கதானுங்களே வராம இருந்துக்கிட்டீங்க. ஊட்டுல ஏதோ தோதுப்படலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கூப்புட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நானும் இருந்துக்கிட்டேன்.”

பக்கத்து இலைக்குப் பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்த அவர் மனைவியும் திரும்பினார். அவரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். “இன்னமும் சொல்லிக்கிட்டேதானுங்க இருப்பாரு. அந்த அம்மணி கேட்டாங்கன்னுதான் அத்தனை செலவு பண்ணி மெஷின மாத்துனேன், மாத்துன கொஞ்ச நாள்ல நின்னுக்கிட்டாங்கன்னு. ரொம்ப வருத்தமுங்க அவருக்கு.”

அண்ணா கையை ஆட்டி, “அட, அதெல்லாம் எதுக்கு இப்ப. அவங்க சூழ்நிலை அவங்களுக்கு” என்று மனைவியை அடக்கினார். என்னைக் காப்பாற்றுகிற தொனியில் சொன்னார். பிறகு பரிமாறுபவரிடமிருந்து தட்டை வாங்கி, தன் கையாலேயே என் இலையில் இன்னொரு ஜிலேபி வைத்தார். மறுபடி கும்பிட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அவர் பொய் சொன்னாரா என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன். இல்லை என்றே தோன்றுகிறது. அவர் என்னை வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனவே அவர் மனதில் அப்படியொன்று நடக்கவே இல்லை. யாரும் யாரையும் அனுப்பவில்லை, ஆனால் ஒருத்தி இல்லாமல் போய்விட்டாள். அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அவர் வீட்டில், அவர் கடையில், இந்த மண்டபத்துக்கு வந்த அவருடைய சொந்தபந்தங்களில் பாதிப் பேரிடம், நன்றி கெட்டு நின்றுகொண்டவளாக இத்தனை வருஷம் நான் இருந்திருக்கிறேன். அது தெரியாமல், அவரைத் திட்டக் கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜிலேபியைச் சாப்பிட்டேன். இலையில் மிச்சம் வைத்தால் அவர் மனம் சங்கடப்படும் என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன் என்பதை பஸ்ஸில் வரும்போதுதான் உணர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “கல்யாணமெல்லாம் எப்படி? அண்ணன் பேசுனாரா?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லாப் பேசுனாருங்க” என்றேன்.